குழிக்குள் வைப்பது யாருடைய எலும்பு?

(மந்தாரக்குப்பத்தில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில் வாய் அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



நோட்டீசில் 'பல் நலம்' என்று பொதுவாகப் போட்டிருக்கிறார்கள். பல் துலக்குவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள். கேட்டவர்கள் கேட்டார்கள், கேட்காதவர்கள் என்னிடம் வருகிறார்கள். இன்றைக்கு ஒரு பவுடரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் புட்டி. அதற்குள் அரை கிராம், மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு கிராம் வெள்ளைத் துகள். விலை ஆயிரக்கணக்கில்.

கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ புதுச்சேரிக்கோ போய்ப் பல் காட்டிவிட்டு வருகிறவர்கள் கையில் ஒரு செலவுச் சீட்டு இருக்கும். இம்ப்ளான்ட் இரண்டு, கேப் இரண்டு, நடுவில் 'சைனஸ் லிஃப்ட், போன் கிராஃப்ட்' என்று ஒரு வரி. வீட்டுக்கு வந்ததும் "எலும்பு பவுடர் வைக்கணுமாம், அதுக்கே இவ்வளவு ஆகுமாம்" என்பார்கள். எதற்கு வைக்கிறார்கள், எதிலிருந்து எடுத்தது, வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். எதிரே இருந்தவரும் சொல்லியிருக்க மாட்டார்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு இது ஒன்று போதும். புட்டியில் வரும் அந்தத் துகள் எலும்பாக மாறுவதில்லை. எலும்பை உண்டாக்குவது உங்கள் ரத்தமும் உங்கள் தாடையும்தான். அவை வேலையை முடிக்கும்வரை கூரை இறங்கிவிடாமல் தாங்கி நிற்பதுதான் துகளின் வேலை. இது மனதில் இருந்தால் விலைப்பட்டியலைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

கூரை என்றேன். எந்தக் கூரை? மூக்குக்குப் பக்கத்தில், கண்ணுக்குக் கீழே கன்னத்து எலும்பில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். கல்லுபோல் கெட்டியாகத் தெரிகிறதல்லவா? ஆனால் உள்ளே வெறும் காற்று. மேல்தாடை எலும்புக்குள், கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு நேர் மேலே ஓர் அறை இருக்கிறது. அதுதான் மேல்தாடை சைனஸ். வளர்ந்தவர்களுக்கு அது ஏறக்குறைய 12 முதல் 15 மில்லி கொள்ளும். சளி பிடிக்கும்போது மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லெல்லாம் சேர்ந்து வலிக்கிற மாதிரி இருப்பது இதனால்தான். வலி பல்லில் இல்லை, மாடியில்.

இந்த அறையை 1489-லேயே லியொனார்தோ தா வின்சி வரைந்து வைத்திருக்கிறார். ஆனால் மருத்துவ உலகம் அதை அறிந்தது 1651-ல், நத்தேனியல் ஹைமோர் என்ற ஆங்கில மருத்துவர் தன் உடற்கூற்றுப் புத்தகத்தில் எழுதியபோது. அவர் சொல்லும் சம்பவம் பயங்கரமும் வேடிக்கையும் கலந்தது. ஒரு பெண்ணுக்கு மேல் கோரைப்பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். பிடுங்கிய குழியிலிருந்து சீழ் வடிந்துகொண்டே இருக்கிறது. எங்கிருந்துதான் வருகிறது பார்ப்போம் என்று அந்த அம்மாள் ஒரு வெள்ளி ஊசியை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறார். அது போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரு பறவை இறகை உரித்து விட்டுப் பார்த்திருக்கிறார், கிட்டத்தட்ட முழு இறகும் உள்ளே போய்விட்டது. மூளைக்கே போய்விட்டது என்று அலறிக்கொண்டு ஹைமோரிடம் ஓடிவந்தாராம். இறகு மூளைக்குப் போகவில்லை, சைனஸுக்குள் சுருண்டு கிடந்தது. இன்றைக்கும் பழைய மருத்துவர்கள் அந்த அறையை ஹைமோர் குழி என்று சொல்வதுண்டு. என்னைக் கேட்டால் அந்த அம்மாள் பெயரை வைத்திருக்க வேண்டும்.

சரி, மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வருஷக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால் என்ன நடக்கிறது? பல் இருந்தவரை அந்த எலும்புக்கு வேலை இருந்தது. மெல்லும் விசை அதன் வழியாகத்தான் இறங்கியது. வேலை நின்றுபோன எலும்பை உடம்பு கரைக்க ஆரம்பிக்கும். ஈறுப் பக்கத்திலிருந்து எலும்பு மேலே சுருங்கும், மாடி அறையோ கீழே இறங்கும். இரண்டும் சேர்ந்து, ஒரு காலத்தில் 10, 12 மில்லிமீட்டர் கனம் இருந்த எலும்பு நான்கு, மூன்று, சிலருக்கு ஒரு மில்லிமீட்டராகிவிடுகிறது. இம்ப்ளான்ட், அதாவது பல்லுக்குப் பதில் வைக்கும் டைட்டானியம் திருகு, சாதாரணமாக 8 முதல் 12 மில்லிமீட்டர் நீளம். அது நிற்க இடமே இல்லை.

இந்தச் சுரங்க ஊரில் இதை விளக்க நான் படம் போட வேண்டியதில்லை. மைன்ஸில் நிலக்கரியை எடுத்த பிறகு என்ன செய்கிறார்கள்? எடுத்த இடத்தில் மேல்மண்ணை ஸ்பிரெடர் இயந்திரம் வைத்துத் திரும்பக் கொட்டிக் குழியை மூடுகிறார்கள். கொட்டிய மறுநாளே அதன்மேல் வீடு கட்ட முடியுமா? மண் அமர வேண்டும். சைனஸ் லிஃப்டும் குழி நிரப்புகிற வேலைதான், அதற்கும் ஆறு முதல் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். ஆனால் ஓர் இடத்தில் இந்த ஒப்புமை உதவாது, அதுதான் இன்றைய பேச்சின் மையம். மைன்ஸில் கொட்டிய மண் எத்தனை வருஷமானாலும் கொட்டிய மண்தான். தாடையில் கொட்டியது அப்படிக் கிடப்பதில்லை. அதன் இடுக்குகளில் ரத்தக் குழாய் நுழைகிறது, குழாயோடு செல்கள் வருகின்றன, செல்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. கொட்டிய பொருள் சிலது கரைந்து போகும், சிலது கல்லாக உள்ளேயே தங்கிவிடும். பாரம் தாங்குவது நீங்கள் கட்டிய எலும்பு.

பல்லுக்குப் பதில் டைட்டானியம் திருகு வைக்கலாம் என்பதே புது விஷயம்தான். சுவீடனில் பெர் இங்வார் பிரோனெமார்க் 1952-ல் முயல் எலும்பில் டைட்டானியம் ஒட்டிக்கொண்டு வர மறுத்ததைக் கண்டார். 1965-ல் கோதன்பர்க் நகரில் யோஸ்தா லார்சன் என்ற மனிதருக்கு முதன்முதலாக வைத்தார். லார்சன் 2006-ல் இறக்கும்வரை அந்தத் திருகுகள் உழைத்தன. உலகம் இதை நம்பியது 1982-ல் டொரன்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு. ஆனால் மேல் கடைவாய்ப் பக்கம் மட்டும் எல்லோருக்கும் தலைவலி. அந்தக் கதவைத் திறந்தவர் அமெரிக்காவின் ஹில்ட் டேட்டம். 1970-களின் நடுவில் சைனஸ் தரையை உயர்த்தி எலும்பு வைக்கும் அறுவையைச் செய்யத் தொடங்கினார். பாயினும் ஜேம்ஸும் 1980-ல் அதை முதன்முதலாக இதழில் எழுதினார்கள். அவர்கள் குழியில் வைத்தது நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பும் மஜ்ஜையும்.

அறுவை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மயக்கமெல்லாம் வேண்டாம், பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டால் போதும். ஈற்றை விலக்கினால் கன்னப் பக்கத்து எலும்புச் சுவர் தெரியும். அதில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டுவோம், ஒன்றரை சென்டிமீட்டருக்குள். எலும்பை மெல்லத் தேய்த்துக்கொண்டே வரும்போது வெள்ளை நிறம் மெலிந்து உள்ளிருந்து ஒரு நீலம் தெரிய ஆரம்பிக்கும். அங்கே கையை நிறுத்த வேண்டும். அந்த நீலம்தான் சவ்வு. சைனஸின் உள்சுவர் முழுக்க ஒட்டியிருக்கும் மெல்லிய தோல். 1660-களில் இதை ஆராய்ந்த கொன்ராட் ஷ்னைடர் பெயரில் ஷ்னைடேரியன் சவ்வு என்போம். ஒரு மில்லிமீட்டர்கூடக் கனம் இருக்காது. நோயாளி மூச்சு விடும்போது அது உள்ளே போய் வெளியே வரும். முதல் தடவை பார்க்கிற மாணவன் தன் மூச்சை நிறுத்திவிடுவான்.

அந்தச் சவ்வைக் கிழிக்காமல் எலும்பிலிருந்து உரித்து மேலே தூக்க வேண்டும். அப்படித் தூக்கியதும் சவ்வுக்கும் பழைய தரைக்கும் இடையே ஓர் இடம் கிடைக்கிறதே, அங்கேதான் பவுடர். இதைப் பழகுவதற்கு உலகம் முழுக்கக் கோழி முட்டைதான் பாடப்புத்தகம். பச்சை முட்டையின் ஓட்டில் டிரில்லால் ஜன்னல் வெட்டி, ஓட்டுக்கு அடியில் இருக்கும் தோல் கிழியாமல், வளைந்த கரண்டியால் நான்கு பக்கமும் தூக்க வேண்டும். வெள்ளைக்கரு ஒரு சொட்டு வெளியே வந்தால் அந்த ஆள் இன்னும் வாயில் கை வைக்கக் கூடாது. ஒரு டஜன் முட்டையை நாசம் பண்ணாதவர் யாரும் இந்த வேலைக்கு வந்ததில்லை. அனுபவசாலி கையிலும் சவ்வு கிழிவது உண்டு. ஐந்தில் ஒன்று என்று சொல்லலாம், சில ஆய்வுகளில் அதற்கும் மேல். சின்னக் கிழிசல் என்றால் கொலாஜன் ஒட்டுப் போட்டு மேலே போகலாம். பெரிது என்றால் மூடிவிட்டு மூன்று நான்கு மாதம் கழித்து வருவதுதான் நல்லது. அப்படி மூடிவிட்டு அனுப்பும் மருத்துவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் உங்களுக்கு நல்லது செய்கிறார்.

இனி குழியில் என்ன வைப்பது? ரொம்ப நாளாக ஒரே பதில்தான் இருந்தது: உங்கள் எலும்பே உயர்வு. முகவாயிலிருந்தோ கீழ்த்தாடையின் பின்புறத்திலிருந்தோ இடுப்பிலிருந்தோ எடுத்து வைப்பார்கள். உயிருள்ள செல்லோடு வருவதால் வேகமாக எலும்பு பிடிக்கும். ஆனால் ஒரு காயத்தைச் சரிசெய்ய இன்னொரு காயம். இடுப்பில் எடுத்தவர்கள் பல் வலியை மறந்து இடுப்பு வலியைப் பற்றிப் பேசுவார்கள். அதோடு இடுப்பெலும்பு சீக்கிரம் கரையும். இன்றைக்கு ஒன்றிரண்டு பல்லுக்காக இடுப்பைத் தொடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்தவர் எலும்பை வைப்பதும் புதிதல்ல. 1880-ஐ ஒட்டி கிளாஸ்கோவில் வில்லியம் மெக்கீவன் என்ற அறுவை மருத்துவர், கையெலும்பு சீழ் பிடித்து அழிந்துபோன ஒரு சிறுவனுக்கு மற்றப் பிள்ளைகளின் எலும்பை வைத்தார். அந்தப் பிள்ளைகளுக்கு ரிக்கெட்ஸ் நோயால் கால் வளைந்திருந்தது. அதை நேராக்க வெட்டியெடுத்த துண்டுகள்தான் இந்தப் பையனுக்குக் கையாயின. இன்றைக்கு நம் நாட்டில் இதற்கு முறையான இடம் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1988-லிருந்து திசு வங்கி நடக்கிறது. தானமாக வந்த எலும்பைக் கழுவி, உறையவைத்து உலர்த்தி, காமா கதிரில் கிருமி நீக்கிப் பாக்கெட்டில் தருகிறார்கள். கண் தானம், உறுப்பு தானம் தெரியும். எலும்பும் தானம் செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. 1994-ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டத்தை 2011-ல் திருத்தியபோதுதான் திசு என்ற சொல்லே அதில் சேர்ந்தது.

ஆனால் பல் மருத்துவமனைகளில் அதிகம் புழங்குவது மனித எலும்பு அல்ல, மாட்டு எலும்பு. கூட்டத்தில் ஒரு சலசலப்பு கேட்கிறது. எதிர்பார்த்தேன்.

விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார், வயது எழுபதை ஒட்டி. ஸ்கேன், சர்க்கரைப் பரிசோதனை எல்லாம் முடிந்து நாள் குறித்தாகிவிட்டது. எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டு வந்தேன். அவர் புட்டியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இது எதனோட எலும்பு?"

"மாட்டு எலும்பும்மா. நல்லா சுட்டு, சுத்தம் பண்ணது."

"ஐயோ சாமி! வேற கெடையாதா?"

"இருக்கும்மா. ரசாயனத்துல செய்யறது இருக்கு."

"அப்ப அத வையி. நான் கேக்கலன்னா?"

கையெழுத்துப் படிவத்தில் இருக்கிறது என்றேன். "படிவத்த யாரு தம்பி படிக்கிறா?" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மகனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து நான் ஸ்கேன் பார்ப்பதற்கு முன்னாலேயே இந்தக் கேள்வியை எடுத்துவிடுகிறேன்.

இதைச் சின்ன விஷயம் என்று சில மருத்துவர்கள் நினைக்கிறார்கள். சின்ன விஷயம் இல்லை. மாட்டுத் துகளின் மேல் மூடுகிற கொலாஜன் சவ்வு பல நேரம் பன்றித் தோலிலிருந்து வருகிறது. ஒருவருக்கு மாடு கூடாது, இன்னொருவருக்குப் பன்றி கூடாது, மூன்றாமவருக்கு எந்த உயிரும் கூடாது. "நெருப்புல போனா எல்லாம் சாம்பல்தானே டாக்டர், வையுங்க" என்பவர்களும் இருக்கிறார்கள். எது சரி என்று சொல்ல நான் யார்? அது அவரவர் உடம்பு, அவரவர் சாமி. 1668-ல் யோப் வான் மேக்கரன் என்ற டச்சு மருத்துவர் ஒரு சம்பவத்தை எழுதிவைத்தார். ரஷ்யாவில் வாள்வெட்டுப் பட்டவர் ஒருவரின் மண்டையோட்டு ஓட்டையை நாயின் எலும்பால் அடைத்தார்களாம். ஆறிவிட்டது. ஆனால் தேவாலயம் அவரை விலக்கி வைத்தது. அதை எடுத்துவிடுங்கள் என்று அவர் திரும்பப் போய் நின்றார். எடுத்தார்களா, எடுக்க முடியாதபடி ஒட்டிப்போயிருந்ததா என்பதில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நமக்கு வேண்டியது, எலும்பு மாற்றின் வரலாற்றில் கிடைக்கிற முதல் பதிவிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது என்பது.

மாட்டு எலும்பின் குணத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. சூட்டிலும் காரத்திலும் வைத்து அதிலுள்ள புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது தாதுக்கூடு மட்டும். அந்தக் கூட்டின் நுண்துளைகள் நம் எலும்பை ஒத்திருப்பதால் ரத்தம் எளிதாக ஊறும். அறுவை மேசையில் சின்னக் கிண்ணத்தில் துகளைக் கொட்டி, காயத்திலிருந்தே எடுத்த ரத்தத்தை இரண்டு சொட்டு விட்டால் ஒரு நிமிஷத்தில் கெட்டிச் சிவப்பாகித் துகள்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அதன் பெரிய பலம், கரையாமல் நிற்பது. கூரை இறங்காது. பல ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்தாலும் துகள் அங்கேயே இருக்கும். ஆறேழு மாதம் கழித்து அந்த இடத்திலிருந்து மெல்லிய துண்டெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஏறக்குறைய கால்வாசி புது எலும்பு, கால்வாசிக்கும் மேல் பழைய துகள், மீதி மஜ்ஜை. அந்தக் கால்வாசியை நம்பித்தான் இம்ப்ளான்ட் நிற்கிறது, நன்றாகவே நிற்கிறது.

உயிர் சம்பந்தமே வேண்டாம் என்பவர்களுக்கு ரசாயனப் பொருள்கள் இருக்கின்றன. ஹைட்ராக்ஸி அபடைட், ட்ரை கால்சியம் பாஸ்பேட், இரண்டும் கலந்தது, பிறகு உயிர்க்கண்ணாடி. கடைசியாகச் சொன்னது ஒரு பஸ் பயணத்தில் பிறந்தது. 1967-ல் ஒரு கருத்தரங்குக்குப் போகும் வழியில், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவர் லேரி ஹென்ச் என்ற பொறியியல் பேராசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்தால் உடம்பு வெளியே தள்ளுகிறது, தள்ளாத பொருள் செய்ய முடியாதா என்று கேட்டார். 1969-ல் ஃபுளோரிடாவில் ஹென்ச் செய்த கண்ணாடி எலும்போடு உடைக்க முடியாதபடி ஒட்டியது. 45 சதவீதம் மணலின் சிலிக்கா, மீதி சோடியம், கால்சியம், கொஞ்சம் பாஸ்பரஸ். உடம்பு நீர் பட்டதும் அதன் மேல் எலும்புத் தாது போலவே ஒரு படலம் உருவாகிறது.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. இந்தியாவின் சொந்த இதய வால்வைச் செய்த திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம், ஹைட்ராக்ஸி அபடைட்டையும் உயிர்க்கண்ணாடியையும் சேர்த்து எலும்பு மாற்றுப் பொருள் உருவாக்கியது. சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதில் பங்குண்டு. தோலில் இருப்பது கொலாஜன், எலும்பில் இருப்பதும் கொலாஜன், அதனால் அவர்கள் இந்தப் பக்கம் வந்தது இயல்புதான். 2011-ல் அவர்கள் எலும்புச் சாம்பலோடு முட்டை ஓட்டுத் தூளைச் சேர்த்து ஒரு கலவை செய்து அதன் தன்மைகளை வெளியிட்டார்கள். முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைச் சுட்டு, பாஸ்பேட்டோடு வினைபுரிய வைத்தால் ஹைட்ராக்ஸி அபடைட் கிடைக்கும். நாமக்கல் முட்டை ஓடு ஒருநாள் தாடையில் உட்காரும் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது இன்னும் ஆராய்ச்சி நிலையில் இருக்கிற விஷயம். சித்த மருத்துவத்தில் அண்ட ஓட்டுப் பற்பம் இருக்கிறதே, அதைச் சாப்பிட்டால் போதாதா என்று கேட்டுவிடாதீர்கள். வயிற்றுக்குள் போன கால்சியத்துக்கு மேல்தாடையில் இந்தக் குழிக்குத்தான் போக வேண்டும் என்று வழி தெரியாது.

ரசாயனப் பொருளுக்கு ஒரு குறை உண்டு. சிலது எலும்பு வருவதற்கு முன்பே கரைந்துவிடும். ட்ரை கால்சியம் பாஸ்பேட் தனியாக வைத்தால் அந்தப் பயம் இருக்கிறது. அதனால்தான் கரையாததோடு கலந்து வைக்கிறார்கள்.

விலை உச்சியில் ஒன்று இருக்கிறது. 1965-ல் மார்ஷல் யூரிஸ்ட், தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கேயே புது எலும்பு முளைக்கிறது என்று கண்டார். அதற்குக் காரணமான புரதத்தைப் பிற்பாடு ஆய்வகத்தில் தயாரித்தார்கள். அமெரிக்காவில் 2007-ல் சைனஸுக்கும் அனுமதி கிடைத்தது. இது உண்மையாகவே எலும்பைத் தூண்டும். ஆனால் முகம் பலூனாக வீங்கும், விலையைக் கேட்டால் அதற்கு மேல் வீங்கும். மந்தாரக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நோயாளியின் ரத்தத்தையே சுழற்றி எடுக்கும் பி.ஆர்.எஃப் ஜெல் இன்னொன்று. 2001-ல் பிரான்சில் சுக்ரூன் கொண்டுவந்தது. மலிவு, கெடுதல் இல்லை, காயம் நன்றாக ஆறும். அது வைத்தால்தான் எலும்பு வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கம்பெனிக்காரர்களுக்குப் பிடிக்காத ஒரு சேதி. 2004-ல் சுவீடனின் லண்ட்கிரென் குழுவினர் சவ்வைத் தூக்கி, அதன் அடியில் இம்ப்ளான்டை மட்டும் திருகிவிட்டு எந்தத் துகளும் வைக்காமல் மூடினார்கள். இம்ப்ளான்டே கம்பமாகி சவ்வைத் தாங்கியது. இடையில் நிறைந்தது ரத்தம் மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அங்கே எலும்பு. என் பேச்சின் தொடக்கத்தில் சொன்னது இப்போது விளங்கியிருக்கும். இடமும் ரத்தக்கட்டியும் அசையாத கூரையும் இருந்தால் எலும்பு வருகிறது. எல்லோருக்கும் இது பொருந்தாது. அடியில் இம்ப்ளான்டைப் பிடித்து நிறுத்தக் குறைந்தது நான்கைந்து மில்லிமீட்டர் சொந்த எலும்பு வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மட்டும் இருப்பவருக்குத் துகள் வைத்து, ஆறுமாதம் பொறுத்து, பிறகுதான் இம்ப்ளான்ட்.

எந்தப் பொருள் ஜெயித்தது என்ற வழக்கை 1996-ல் அமெரிக்காவில் ஒரு கருத்தொருமிப்பு மாநாடு கூட்டி ஆராய்ந்தார்கள். ஒரு பொருளையும் ராஜா என்று அறிவிக்க முடியவில்லை. 2003-ல் வாலஸும் ஃப்ரூமும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பக்கவாட்டு ஜன்னல் வழியாகச் செய்த சைனஸ்களில் இம்ப்ளான்ட் நிலைத்த விகிதம் சராசரி 91.8 சதவீதம். ஆனால் ஆய்வுக்கு ஆய்வு 61.7-லிருந்து 100 வரை வித்தியாசம். வித்தியாசத்துக்குக் காரணமாக அவர்கள் கண்டவற்றில் இம்ப்ளான்டின் மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்பது முக்கியமானது. ஜன்னலைச் சவ்வால் மூடினார்களா என்பது இன்னொன்று. சொந்த எலும்புக் கட்டியை வைத்தவர்களைவிடத் துகள் வைத்தவர்கள் நன்றாகவே இருந்தார்கள். இடுப்பை வெட்டும் பழக்கம் குறைந்தது இப்படித்தான்.

ஆகவே, ஒரு மருத்துவர் "எங்களிடம் இறக்குமதி பவுடர், அதுதான் பெஸ்ட்" என்றால், அதைக் காதில் போட்டுக்கொண்டு ஸ்கேனைக் கேளுங்கள். சி.பி.சி.டி. ஸ்கேனில் எத்தனை மில்லிமீட்டர் எலும்பு மிச்சம் இருக்கிறது, சவ்வு தடித்திருக்கிறதா, அறைக்குள் குறுக்குச் சுவர் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். மூன்றில் ஒருவருக்கு அப்படிக் குறுக்குச் சுவர் உண்டு, சவ்வு அங்கேதான் கிழியும். ஆறு மில்லிமீட்டர் எலும்பு இருந்தால் குட்டை இம்ப்ளான்ட் போதுமா என்று கேளுங்கள். பக்கத்துப் பற்கள் இரண்டும் ஏற்கெனவே கேப் போட்டவை என்றால் பிரிட்ஜ் போதுமா என்று கேளுங்கள். கடைசிப் பல் இல்லாமலே நிம்மதியாகச் சோறு மெல்லுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பத்துப் பேராவது இருப்பீர்கள். அந்த ஒரு பல்லுக்காக மாடி ஏற வேண்டாம். செலவு தாங்காது என்றால் பக்கத்தில் அண்ணாமலை நகர் இருக்கிறது. 1980-ல் ராஜா முத்தையா பெயரில் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி இப்போது அரசுக் கல்லூரி. முதல் கருத்தையோ இரண்டாவது கருத்தையோ அங்கே கேட்கலாம்.

அறுவை முடிந்தால் புட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபைலில் ஒட்டிவையுங்கள். பொருளின் பெயர், எதிலிருந்து வந்தது, பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். பத்து வருஷம் கழித்து வேறு ஊர் மருத்துவர் பார்க்கும்போது அவருக்கு அது வேண்டும். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். அடக்கினால் அந்தக் காற்று முழுக்கச் சவ்வில் போய் முட்டும். ஸ்ட்ராவில் இளநீர் குடிக்காதீர்கள், டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். மூக்கில் லேசாக ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். துகள் வந்தால் உடனே ஓடி வாருங்கள்.

எழுதி அனுப்பிய சீட்டுகளில் ஒன்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றதை டீ குடித்துக்கொண்டே பேசலாம். "ரிட்டயர்டு ஆகிவிட்டேன், நாற்பது வருஷமாகப் பீடி, இரண்டு பக்கமும் மேல் கடைவாய்ப் பல் இல்லை, செய்யலாமா?" ஐயா, பீடி ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. துகளுக்குள் வர வேண்டியதே ரத்தக் குழாய்தான். விட்டுவிட்டு வாருங்கள், சில மாதம் விட்டே இருங்கள், சர்க்கரையும் பார்த்துவிட்டுச் செய்யலாம். விட முடியாது என்றால் கழற்றி மாட்டுகிற பல் செட் போதும். அதற்கு மாடும் வேண்டாம், முட்டையும் வேண்டாம், செலவிலும் பத்தில் ஒரு பங்கு வராது.